தராசில் ஏறாத வாழ்க்கை: கஞ்சா வழக்குகளும் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடுகளும்

தாம்பரம் ரயில் நிலையத்தில் யாரும் உரிமை கோராத பையில் கஞ்சா சிக்கியது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஒடிசா–ஆந்திர எல்லை மலைகளில் விளைவது கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வழியாகச் சென்னைக்கு வருகிறது. எழும்பூரைத் தாண்டித் தாம்பரத்தில் வந்து நிற்கும் தொலைதூர ரயில்களும் அந்தப் பாதையைச் சேர்ந்தவைதான். பையோடு ஆளும் சிக்கினால் செய்தி நாலு வரி நீளும். சிக்கிய ஆள் பெண் என்றால் தலைப்பும் மாறும். ‘பெண் கஞ்சா வியாபாரி’ என்றோ ‘கஞ்சா ராணி’ என்றோ பெயர் கிடைத்துவிடும். கைது, புகைப்படம், புழல் சிறை என்பதோடு செய்தி முடிந்துபோகும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகிறது. 20 கிலோவுக்கு மேல் என்று நிரூபணமானால் குறைந்தபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், ரூ.1 லட்சம் அபராதம். அந்தப் பெண் யாருக்காகச் சுமந்தாள், எவ்வளவு கூலிக்குச் சுமந்தாள், வீட்டில் எத்தனை குழந்தைகள் என்பதையெல்லாம் நீதிபதி கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்காக 10 ஆண்டை 9 ஆண்டாகக் குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ‘தண்டனை மிகவும் கடுமையானது’ என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் ஒரு பெண் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். இந்தச் சுவர் எப்படி எழுந்தது, 40 ஆண்டுகளில் மேல்முறையீடுகள் அதில் எங்கெங்கே விரிசல் கண்டன, பெண்களின் வாழ்க்கை ஏன் அதற்குள் நுழைய முடியவில்லை என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

உரிமம் கொடுத்த அரசு

கஞ்சா எப்போதும் குற்றமாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணம் உட்பட இந்தியாவெங்கும் உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. அரசுக்கு வரி வந்தது. 1893-இல் அமைக்கப்பட்ட இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை தேவையில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்பது அதன் முடிவு. பின்னர் வந்த 1930-ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுதான். மீண்டும் குற்றம் செய்தால் 4 ஆண்டு.

1961-இல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை வந்தது. மருத்துவப் பயன்பாட்டுக்கு வெளியே கஞ்சாவை நிறுத்த, இந்தியா போன்ற நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அவகாசம் முடியும் தறுவாயில், 1985 ஆகஸ்ட் இறுதியில், ராஜீவ் காந்தி அரசு மசோதாவைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நவம்பர் 14 முதல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்கறிஞர்கள் வாயில் இது என்.டி.பி.எஸ். சட்டம். 3 ஆண்டு அதிகபட்சமாக இருந்த இடத்தில் 10 ஆண்டு குறைந்தபட்சம் வந்து அமர்ந்தது. கிராம் கணக்கில் பிரவுன் சுகர் வைத்திருந்தவருக்கும் மூட்டைக் கணக்கில் கடத்தியவருக்கும் அதே 10 ஆண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவு என்று நிரூபித்தவர் மட்டுமே தப்பினார். நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான்.

1989 திருத்தம் இதை மேலும் இறுக்கியது. ஜாமீனைக் கிட்டத்தட்ட அடைக்கும் 37-ஆம் பிரிவு, தண்டனையை நிறுத்திவைக்கவோ தள்ளுபடி செய்யவோ கூடாது என்ற 32-ஏ பிரிவு, சில மறுகுற்றங்களுக்குக் கட்டாய மரண தண்டனை தரும் 31-ஏ பிரிவு ஆகியவை அப்போது வந்தவை. நன்னடத்தைக்காக விடுவிக்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை 33-ஆம் பிரிவு ஏற்கெனவே அடைத்திருந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் போதைப் பயன்பாட்டு வழக்குகளுக்கும் விலக்கு உண்டு.

2001: யாருக்குத் தளர்ந்தது, யாருக்கு இறுகியது

2001 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைச் சட்டப் புத்தகங்கள் ‘தண்டனையைச் சீரமைத்த திருத்தம்’ என்று பாராட்டும். சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவே உள்ள அளவு என்று மூன்று படிகள் வந்தன. ஹெராயினுக்கு 5 கிராம் சிறிய அளவு, 250 கிராம் வணிக அளவு. கஞ்சாவுக்கு 1 கிலோவும் 20 கிலோவும். சில கிராம் ஹெராயினுக்கு 10 ஆண்டு என்ற கொடுமை இதனால் நீங்கியது உண்மை.

ஆனால் கஞ்சாவுக்கு நடந்தது வேறு. 1985 சட்டத்தின் மூல வடிவில் கஞ்சா வழக்குக்கு அதிகபட்சத் தண்டனையே 5 ஆண்டுதான்; குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. 2001-க்குப் பிறகு நடு அளவுக்கு 10 ஆண்டு வரை, வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை. அதாவது 1999-இல் 21 கிலோ கஞ்சாவோடு பிடிபட்ட பெண்ணுக்கு நீதிபதி 1 ஆண்டோ 2 ஆண்டோ கொடுத்திருக்க முடியும். 2002-இல் அதே 21 கிலோவுக்கு 10 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. சீரமைப்பு என்ற சொல்லுக்குள் இந்த ஏற்றம் மறைந்துபோனது. சென்னைப் புறநகரில் பெண்கள் சிக்கும் வழக்குகளில் கஞ்சா வழக்குகளே நிறைய என்பதால், பெண்களின் வரலாற்றில் 2001 தளர்வின் ஆண்டு இல்லை.

அந்தத் திருத்தத்தில் இன்னொரு அநீதியும் இருந்தது. விசாரணை நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் புதிய படிநிலைகள் பொருந்தும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தவற்றுக்குப் பொருந்தாது என்றது. ஒரே நாளில், ஒரே அளவு ஹெராயினோடு பிடிபட்ட இருவரில், விசாரணை தாமதமானவருக்குக் குறைந்த தண்டனை. சீக்கிரம் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் காத்திருந்தவருக்குப் பழைய 10 ஆண்டு. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று தொடுக்கப்பட்ட பஷீர் எதிர் கேரள அரசு வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லும் என்று சொல்லிவிட்டது.

எடையைக் கேட்ட மேல்முறையீடுகள்

குறைந்தபட்சத் தண்டனையைக் கருணையால் உடைக்க முடியாது என்று ஆனபிறகு, மேல்முறையீடுகள் எடையின் பக்கம் திரும்பின. தண்டனையைத் தீர்மானிப்பது எடை என்றால், அந்த எடை சரிதானா?

2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கு. பிடிபட்டது 4 கிலோவுக்குச் சற்று மேல். ஆய்வகம் சோதித்தபோது அதில் ஹெராயின் 1.4 சதவீதம், 1.6 சதவீதம் என்ற அளவில்தான் இருந்தது. கணக்கிட்டால் சுமார் 60 கிராம். கலப்படத்தின் எடைக்குத் தண்டனை கொடுக்க முடியாது, உள்ளே உள்ள போதைப்பொருளின் எடைதான் கணக்கு என்றது உச்ச நீதிமன்றம்; 10 ஆண்டு தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. நாடெங்கும் மேல்முறையீட்டு மனுக்களில் இந்தத் தீர்ப்பு இடம்பிடித்தது. மத்திய அரசு 2009 நவம்பர் 18-இல் ஓர் அறிவிக்கையின் மூலம் மொத்தக் கலவையின் எடையே கணக்கு என்று மாற்றியது. 2020 ஏப்ரல் 22-இல் ஹிரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் நின்றது. மைக்கேல் ராஜ் தீர்ப்பு சரியான சட்டமில்லை என்றானது. பன்னிரண்டு ஆண்டு திறந்திருந்த கதவு மூடிக்கொண்டது.

கஞ்சாவில் கலப்படக் கேள்வி எழுவது அபூர்வம். அங்கே கேள்வி இலையும் தண்டும். சட்டத்தின் 2-ஆம் பிரிவு கஞ்சா என்பதைச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் சேராது. மூட்டையில் இருந்ததைக் கோணியோடும் பாலித்தீன் உறையோடும் நிறுத்து 21 கிலோ என்று மகசரில் எழுதியிருந்தால், நுனி எவ்வளவு, தனி இலை எவ்வளவு, உறை எவ்வளவு என்று மேல்முறையீட்டில் கேட்க முடியும். 20 கிலோவுக்குக் கீழே இறங்கிவிட்டால் குறைந்தபட்சம் என்ற சுவரே இருக்காது. நடு அளவுக்கு ‘10 ஆண்டு வரை’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அங்கே முதல் குற்றம், வயது, நோய், குழந்தைகள், வெறும் கூலிக்குச் சுமந்தது எல்லாமே தண்டனையைக் குறைக்கும் காரணங்களாக நீதிமன்றத்தின் முன் நிற்க முடியும். ஜாமீனுக்கான 37-ஆம் பிரிவின் கடும் நிபந்தனையும் நடு அளவுக்குக் கிடையாது. 19.9 கிலோவுக்கும் 20.1 கிலோவுக்கும் நடுவே ஒரு பெண்ணின் பத்து ஆண்டு ஊசலாடுகிறது.

அதனால் எடை எப்படி எடுக்கப்பட்டது, மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பவை வெறும் சடங்குகள் ஆகாது. மாதிரிகளை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும், பட்டியலும் புகைப்படமும் அவர் சான்றோடு இருக்க வேண்டும் என்று 52-ஏ பிரிவு சொல்வதை, மோகன்லால் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. படிக்கத் தெரியாத பெண் கைநாட்டு வைத்த மகசரில் இவையெல்லாம் நடந்ததாகவே எழுதியிருக்கும். குறுக்கு விசாரணையில் இவற்றைக் கேட்காமல் விட்ட வழக்கறிஞரின் மௌனம் மேல்முறையீட்டிலும் அவளைத் துரத்தும்.

சென்னையிலிருந்து போன ஒரு வழக்கு இங்கே முக்கியமானது. 2004-இல் ஹெராயின் கைப்பற்றப்பட்ட வழக்கில் சிறப்பு நீதிமன்றம் தோஃபான் சிங் என்பவருக்கு 10 ஆண்டு விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அவருக்கு எதிரான முக்கியச் சான்று, அதிகாரிகளிடம் 67-ஆம் பிரிவின் கீழ் அவர் தந்ததாகச் சொன்ன வாக்குமூலம். 2020 அக்டோபர் 29-இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. அலுவலக அறைக்குள் தனியாக உட்காரவைக்கப்பட்டு, தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட்ட பெண்களுக்கும் இந்தத் தீர்ப்பு பாதுகாப்பு. ஆனால் தோஃபான் சிங்கின் கதையையும் மறக்க வேண்டாம். 2013-இல் அவரது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டபோது 10 ஆண்டில் 9 ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. சட்டக் கேள்விக்குப் பதில் வர மேலும் ஏழு ஆண்டு ஆனது.

அந்த அமர்வில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி இந்திரா பானர்ஜி. ஹிரா சிங் அமர்விலும் அவர் இருந்தார். நீதிபதி பெண்ணாக இருப்பதால் மட்டும் சட்டம் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிடாது. சட்டத்தின் சொற்களையே மாற்ற வேண்டியிருக்கிறது.

அபராதம் என்ற இரண்டாவது சிறை

தீர்ப்பின் கடைசி வரியில் ஒளிந்திருப்பது அபராதம். வணிக அளவு வழக்குகளில் குறைந்தது ரூ.1 லட்சம். ‘கட்டத் தவறினால் மேலும் 3 ஆண்டு’ என்று எழுதுவது ஒரு காலத்தில் சகஜமாக இருந்தது. இடுப்பில் நகை இருப்பவர் கட்டிவிடுவார். வாடகைக்கே தவிப்பவள் 10 ஆண்டு முடித்து, காசில்லாத குற்றத்துக்காகப் பதினோராவது, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆண்டும் இருப்பாள்.

2007-இல் சாந்திலால் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அபராதம் கட்டாததற்கான சிறை, குற்றத்துக்கான தண்டனை கிடையாது. அது பணம் கட்டாததன் விளைவு. அதனால் குற்றவாளியின் வறுமையைப் பார்த்து அதைக் குறைக்கலாம். 3 ஆண்டு என்பதை 6 மாதமாக்கினார்கள். 2012-இல் குஜராத்திலிருந்து வந்த ஷாஹேஜாத்கான் பட்டான் வழக்கில் முதல் குற்றம் என்பதைக் கருதி 15 ஆண்டை 10 ஆண்டாகவும், அபராதத்துக்கான 3 ஆண்டை 6 மாதமாகவும் குறைத்தார்கள். வறுமை என்ற சொல் என்.டி.பி.எஸ். வழக்கில் எடுபடும் இடம் பெரும்பாலும் இந்தக் கடைசி வரிதான்.

முதன்மைத் தண்டனையில் அது எடுபடாது என்பதை 2021 ஏப்ரலில் குர்தேவ் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கு காட்டியது. 1 கிலோ ஹெராயின். குறைந்தபட்சம் 10 ஆண்டு இருக்க 15 ஆண்டு விதிக்கப்பட்டிருந்தது. ஏழை, சுமந்து வந்தவர் மட்டுமே, குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே ஆள் என்ற வாதங்களை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சமூகத்துக்கு நேரும் கேடே பெரிது என்றது. சமூகம் என்ற அந்தச் சொல்லுக்குள் தண்டிக்கப்பட்டவரின் குழந்தைகளும் வருவார்கள் என்ற எண்ணம் அங்கே எழவில்லை.

காத்திருக்கும் ஆண்டுகள்

மேல்முறையீடு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை தண்டனையை நிறுத்திவைக்கக் கோரலாமா? 1989-இன் 32-ஏ பிரிவு கூடாது என்றது. 2000 அக்டோபரில் தாது எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறித்தது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஆனால் 37-ஆம் பிரிவின் நிபந்தனைகள் தொடரும் என்றும் சொன்னது. குற்றம் செய்யவில்லை என நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் எனவும் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் இதைக் காட்டுவது எளிதில்லை.

தண்டனைத் தள்ளுபடி மீதான தடை அப்படியே நின்றது. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி தமிழ்நாட்டில் 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் தண்டனைக் கைதிகள் முன்கூட்டி விடுதலையானார்கள். அவர்களில் கொலை வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். கஞ்சா மூட்டை சுமந்தவளுக்கு 32-ஏ குறுக்கே நிற்கிறது. நன்னடத்தையால் ஒரு நாள்கூடக் குறையாது.

பெண்களுக்கான தனிச்சிறை புழலில் இருக்கிறது. தாம்பரத்தை ஒட்டிய பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னை புறவழிச்சாலை 32 கிலோமீட்டர் ஓடி புழலில் முடிகிறது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. மனு பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். சிறையில் இருக்கும் ஆண்களைப் பார்க்க மனைவியும் அம்மாவும் வரிசையில் நிற்கிறார்கள். பெண் உள்ளே போனால் மனு பார்க்க வருவது அநேகமாக அவளுடைய அம்மாவோ அக்காவோதான். குழந்தையைத் தூக்கி வருவதும் அவர்களே. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 6 வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். ஏழாவது வயதில் வெளியே வரும் குழந்தைக்கு மீதி ஆண்டுகள் யார் என்று தீர்ப்பில் எழுதுவதில்லை.

வீடு யாருடையது, பை யாருடையது

எடைக்கு அடுத்து சட்டம் கேட்பது உடைமை. 54-ஆம் பிரிவும் 35-ஆம் பிரிவும், பொருள் உன்னிடம் இருந்தால் தெரிந்தே வைத்திருந்தாய் என்று கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் வேலை. 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை ரத்து செய்யவில்லை. அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றது.

ஒரு அறை கொண்ட வீட்டில் உடைமை என்றால் என்ன? கணவனோ மகனோ கொண்டுவந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்த பையை அவள் பார்த்திருப்பாள். கேட்டிருக்க மாட்டாள், அல்லது கேட்டு அடி வாங்கியிருப்பாள். வாடகை ஒப்பந்தமோ ரேஷன் கார்டோ அவள் பெயரில் இருக்கும். பெண்ணைக் குடும்பத் தலைவியாக எழுதுவதை நாம் முன்னேற்றம் என்று கொண்டாடினோம். சோதனை வரும்போது அந்தத் தலைமை அவளைக் கூண்டில் ஏற்றுகிறது. ‘தெரிந்தே அனுமதித்தாள்’ என்று 25-ஆம் பிரிவும், ‘சதியில் பங்கு’ என்று 29-ஆம் பிரிவும் வரும். இரண்டுக்கும் முதன்மைக் குற்றத்துக்கு உள்ள அதே தண்டனை.

தென் சென்னைப் புறநகரில் இந்த வீடுகள் எப்படி உருவாயின என்பதும் வழக்கின் ஒரு பகுதி. 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசு அடுக்குமாடிகளைக் கட்டி, கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் மக்களை அகற்றிக் கொண்டுவந்து இறக்கியது. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்களுக்கு அந்த வேலைகள் எட்டாமல் போயின. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்பது அங்குள்ள பெண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறை. அங்கே வாழும் மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கும் கஞ்சாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காவல்துறையின் கண்ணும் நாளிதழின் கண்ணும் அந்த முகவரிகளில் நிலைத்திருப்பதால்தான் பொட்டலம் விற்ற ஒருத்தியின் பெயரில் குடியிருப்பு முழுவதும் குற்றவாளியாகிறது. பிறருக்காகச் சரக்கு சுமப்பவரைச் சென்னையில் ‘குருவி’ என்பார்கள். குருவி பிடிபடும், கூட்டை வைத்திருப்பவர் அநேகமாகப் பிடிபடுவதில்லை. அவருக்கு மூட்டையோடு ஒரே அறையில் இருக்க வேண்டிய தேவை கிடையாது.

வழக்கு முடியும்வரையும் காத்திருக்க வேண்டியதில்லை. 1982-இன் தமிழ்நாடு குண்டர் தடுப்புச் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்க அது வழிசெய்கிறது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தபோது, அந்த அதிகாரமும் ஆணையருக்கு வந்தது.

பிற நாடுகள் என்ன செய்தன

சுமந்தவரையும் சம்பாதித்தவரையும் பிரித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்பவர்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள் உண்டு. 2008-இல் ஈக்வடார், சிறிய அளவு சுமந்து முதல்முறை தண்டிக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரைப் பொதுமன்னிப்பில் விடுவித்தது. 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள், பெண்களுக்குத் தண்டனை விதிக்கும்போது பராமரிப்புப் பொறுப்பையும் பின்னணியையும் குற்றத்தின் தன்மையையும் கணக்கில் எடுக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு வேண்டும் என்கின்றன. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டி, எடையோடு சேர்த்து, தலைமைப் பங்கு, முக்கியப் பங்கு, சிறிய பங்கு என்று ஆளின் இடத்தையும் அளந்தது. மிரட்டலாலோ சுரண்டலாலோ இழுக்கப்பட்டவர் சிறிய பங்கில் வருவார். 2013-இல் கோஸ்டா ரிக்கா, சிறைக்குள் போதைப்பொருள் கொண்டுபோய்ப் பிடிபட்ட பெண்களில் வறுமையிலோ குடும்பப் பொறுப்பிலோ இருப்பவர்களுக்கு 8 முதல் 20 ஆண்டு என்றிருந்த தண்டனையை 3 முதல் 8 ஆண்டாகக் குறைத்தது.

நம் சட்டத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சமனின்மை இருக்கிறது. 32-பி பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேலே தண்டனையை உயர்த்தக் காரணங்களைப் பட்டியலிடுகிறது: வன்முறை, பொதுப் பதவி, சிறாரைப் பயன்படுத்துதல் முதலியன. கீழே இறக்கக் காரணங்கள் என்று ஒரு பட்டியல் இல்லை.

என்ன கேட்க வேண்டும்

உடனடியாகச் செய்யக்கூடியவை முதலில். தீர்ப்பின் நகல் சிறைத்தண்டனை பெற்றவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். சிறப்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் வழியாக மேல்முறையீடு அனுப்பலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உள்ளவள். மனுவில் கண்ணீரை மட்டும் எழுதினால் போதாது என்பதே இந்த 40 ஆண்டு வரலாறு சொல்வது. உறையைக் கழித்த எடை எவ்வளவு, மாதிரியை யார் முன்னால் எடுத்தார்கள், வாக்குமூலத்தை எந்த மொழியில் எழுதினார்கள், அபராதத்துக்கான சிறை எத்தனை மாதம் என்று கேட்ட மேல்முறையீடுகளுக்கே செவிசாய்க்கப்பட்டது. சட்டம் படிக்கும் மாணவிகள் ஒரு தீர்ப்பை எடுத்தால் இந்தக் கேள்விகளோடு படிக்கலாம்.

அடுத்தவை சட்டமன்றமும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டியவை. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கோடிக் கணக்கில் பணம் கைமாறிய வழக்கில்கூட, பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் ஜாமீனில் விலக்குத் தருகிறது. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி கிடையாது. கோடிகளின் வழக்கில் சிக்கும் பெண்ணுக்கு இருக்கும் விலக்கு, மூட்டை சுமந்து சிக்கும் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று கேட்பதில் தவறில்லை. 2014 திருத்தம் கட்டாய மரண தண்டனையை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. சாவில்கூட நீதிபதிக்கு விருப்பம் உண்டு என்று ஏற்ற நாடாளுமன்றம், 10 ஆண்டில் அதைத் தர மறுக்கிறது. குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க, சிறப்புக் காரணங்களை எழுதிப் பதிவுசெய்து இறங்க, நீதிபதிக்கு ஓர் உட்பிரிவு வேண்டும். மிரட்டலும் வன்முறையும் நிறைந்த உறவில் இருந்ததும், கூலிக்குச் சுமந்ததும், ஒரே பராமரிப்பாளராக இருப்பதும் அந்தக் காரணங்களில் சேர வேண்டும்.

போதைப்பொருள் குடும்பங்களை அழிக்கிறது என்பது உண்மை. குடிகாரக் கணவனோடும் போதையில் விழுந்த மகனோடும் வாழும் பெண்களைவிட அதை அறிந்தவர் யார்? அதனால்தான் இந்தக் கேள்வியை அவர்கள் பக்கமிருந்தே கேட்க வேண்டியிருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து புழலுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகும் பாட்டி பத்து ஆண்டு முழுக்கப் போக வேண்டும் என்று, அவளைப் பார்க்காமலேயே, ஒரு தராசு முடிவு செய்துவிடுகிறது.